சாம் என்பது என் பேரனின் பெயர் அல்ல

மும்பையில் அங்கன்வாடிகளை மேற்பார்வையிடும் அதிகாரிகளுக்குத் தாராவியிலிருந்து ஒரு ஆச்சி எழுதும் திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

தாராவி தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில் இட்லி மாவு அரைத்து விற்கிற வீடு எங்களுடையது. மத்தியானம் அரிசி ஊறப்போட்டு, சாயங்காலம் அரைத்து, ராத்திரி இரண்டு மணிக்குள் தேக்சாவில் நிரப்பி வைத்துவிட வேண்டும். இட்லி அவித்து விற்கிறவர்கள் வந்து வாங்கிப்போவார்கள். விடிந்ததும் ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு மாட்டுங்கா, சயான், குர்லா என்று கிளம்பிவிடுவார்கள். கிலோ கணக்கில் நடக்கிற வியாபாரம் என்பதால் கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக் தராசு எப்போதும் இருக்கும். மாவு ஐம்பது கிராம் குறைந்தால் போதும், "என்ன ஆச்சி, கையை இழுக்கிறியே" என்று கேட்டுவிடுவார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளை மாதக்கணக்கில் எடை ஏறாமல், பிறகு எடை குறைந்துகொண்டே போனது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அங்கன்வாடி டீச்சர் கையில் இருக்கிற உங்கள் போனுக்குத் தெரிந்திருந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எந்த அங்கன்வாடி, எந்த டீச்சர் என்று எழுதப்போவதில்லை. அந்த டீச்சர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஜூலை மழையில் சந்தில் முழங்கால் தண்ணீர் நின்ற நாளிலும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தவர் அவர்.

என் மருமகள் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து மூன்று வருஷம்தான். தமிழைத் தவிர அவளுக்கு வேறு பாஷை ஓடாது; இந்தியில் 'கித்னா' (எவ்வளவு), 'நஹி' (இல்லை) வரைக்கும் சமாளிப்பாள். மாதாமாதம் எடை போடுகிற நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவாள். பத்துக்குப் பன்னிரண்டு அறை. பாதியில் மூட்டையும் பாத்திரமும். மீதியில் பிள்ளைகள். பேரனைத் தராசில் உட்காரவைத்தால் டீச்சர் எண்ணைப் பார்ப்பார், போனில் தட்டுவார், "ஹோ கயா" (ஆச்சு) என்பார். இவள் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். மூன்று மாதம் இப்படியே போனது.

நாலாவது மாதம் டீச்சர் போனைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்திருக்கிறார். பிறகு உதவியாளர் அம்மாவிடம் மராத்தியில் ஏதோ சொன்னார். மருமகள் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை: சாம்.

எங்கள் திருநெல்வேலிச் சீமையில் சாம் என்பது தெருவுக்கு ஒருவருக்காவது இருக்கிற பெயர். நாசரேத், சாயர்புரம், பாளையங்கோட்டை என்று எங்கே போனாலும் ஒரு சாம் இருப்பார், சாமுவேல் இருப்பார். எங்கள் சந்திலேயே ஒரு சாம் உண்டு. பிள்ளையின் பெயரைத்தான் மாற்றி எழுதிவிட்டார்கள் என்று நினைத்து இவள், "சாம் நஹி, டீச்சர்" என்று சொல்லி, பிள்ளையின் சரியான பெயரை இரண்டு தடவை அழுத்திச் சொல்லியிருக்கிறாள். டீச்சரும் சிரித்து, "ஹா, மாலூம் ஹை" (ஆமா, தெரியும்) என்று தலையாட்டினாராம். அடுத்த பிள்ளை தராசில் ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

ஒன்பது நாள் கழித்து மாநகராட்சியின் சுகாதாரத் தொண்டர் பெண் வீடு வீடாக வந்தார். பச்சை, மஞ்சள், சிவப்பு அடித்த ஒரு நாடாவைப் பேரனின் இடது கையில், தோளுக்கும் முட்டிக்கும் நடுவில் சுற்றினார். குறி சிவப்பில் நின்றது. 11.4 சென்டிமீட்டர். பன்னிரண்டரைக்கு மேல் இருந்தால் பச்சை, பதினொன்றரைக்குக் கீழே போனால் சிவப்பு என்று அவர்தான் விளக்கினார். அவருக்குத் தமிழ் தெரியும். சாம் என்றால் என்ன என்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவுக்கு இங்கிலீஷில் மூன்று எழுத்துச் சுருக்கமாம் அது. அதற்கு ஒரு படி முந்தினது மாம். மராத்தி பேசுகிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள், இந்தி பேசுகிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். எந்தத் தாயின் பாஷையிலும் இல்லாத வார்த்தை.

அன்றே சோட்டா சயானுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். லோகமான்ய திலக் ஆஸ்பத்திரி தாராவிக்குள் நடத்துகிற சுகாதார மையத்தை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். காலில் கட்டைவிரலை வைத்து அமுக்கி, குழி விழுகிறதா என்று பார்த்தார்கள். விழவில்லை. பிறகு வேர்க்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், சத்துப்பொடி எல்லாம் சேர்த்து அரைத்த ஒரு பசையைக் கொடுத்து, சாப்பிடுகிறானா என்று காத்திருந்தார்கள். நக்கிச் சாப்பிட்டான். பசி இருக்கிறது, வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. அதனால் படுக்கையில் சேர்க்க வேண்டாம், வீட்டிலேயே தேற்றிவிடலாம் என்றார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அங்கே கேட்ட ஒரு கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது. "தாய்ப்பால் குடிக்கிறானா?" இல்லை. மருமகள் மறுபடி உண்டாகியிருந்தாள். மசக்கை தாங்காமல் பாலைச் சட்டென்று நிறுத்திவிட்டாள். நடுவில் இவனுக்கு இரண்டு தடவை வயிற்றுப்போக்கு. கணபதி, நவராத்திரி என்று மாவு ஆர்டர் குவிந்திருந்த நேரம். அழுதால் டீயில் பிஸ்கட்டை முக்கிக் கொடுத்து உட்காரவைத்தோம். கொடுத்தது பெரும்பாலும் நான்தான்.

இதற்கு எங்கள் ஊரில் ஒரு வார்த்தை இருக்கிறது. சவலை. தாய் அடுத்த பிள்ளைக்கு உண்டாகி, பால் இல்லாமல் மெலிந்து சிணுங்குகிற பிள்ளையைச் சவலைப் பிள்ளை என்பார்கள். குவாஷியோர்கர் என்று டாக்டர்கள் சொல்லுகிற ஒரு சத்துக்குறை நோய் உண்டு அல்லவா? இப்போது கானா என்கிற நாட்டில் வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டரம்மா 1930களில் அதைப் பற்றி எழுதினார். அந்த ஊர் கா மொழி வார்த்தையையே நோய்க்குப் பெயராக வைத்தார். அடுத்த பிள்ளை வரும்போது மூத்ததற்கு வருகிற சீக்கு என்பதுதான் அதன் அர்த்தமாம். ஆப்பிரிக்காவில் ஒரு கிழவி சொன்னதையும் சங்கரன்கோவிலில் ஒரு கிழவி சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த டாக்டரம்மா தாய்மார் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டதால்தான் உலகத்துக்கு அந்தப் பெயர் கிடைத்தது.

எடை போட்ட அன்றைக்கு, "ஆச்சி, பிள்ளை சவலையாகுது" என்று யாராவது வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்று ராத்திரியே நான் கிரைண்டரை நிறுத்தியிருப்பேன்.

பிறகு ஒரு நாள் நானே அங்கன்வாடிக்குப் போய், பேரனின் பழைய எடைகளைக் கேட்டேன். டீச்சர் தயங்காமல் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். 8.6. 8.6. 8.5. 8.1. நாலு எண்கள். அவனுக்குப் பதினாறு மாதத்திலிருந்து பத்தொன்பது மாதம் வரைக்கும். இந்த வயதில் மாதம் இருநூறு கிராம் அளவுக்காவது ஏற வேண்டும். இரண்டாவது எண்ணிலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. மூன்றாவதில் சந்தேகத்துக்கே இடமில்லை. நாலாவதில்தான் உங்கள் போன் சிவப்புக் காட்டி, சாம் என்று பெயர் வைத்தது. மூன்று மாதம் அந்த எண்கள் எங்கள் வீட்டிலிருந்து ஐம்பது அடி தூரத்தில் இருந்தன.

வீட்டுக்கு வந்து தாய்-சேய் அட்டையை எடுத்துப் பார்த்தேன். மருமகள் அதை ரேஷன் கார்டு, ஆதாரோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறாள். தடுப்பூசிப் பக்கம் ஒழுங்காக நிரம்பியிருக்கிறது. வளர்ச்சிக்கோடு வரைகிற பக்கத்தில் பிறந்த எடைக்கு ஒரே ஒரு புள்ளி. அவ்வளவுதான். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று பட்டை பட்டையாக அழகாக அச்சடித்து, ஆண் பிள்ளைக்கு நீலக் கரை, பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்புக் கரை என்று பிரித்தெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவுகளை 2008-ல் இந்தியா எடுத்துக்கொண்டு போட்ட படம் அது. படம் வெறுமையாகக் கிடக்கிறது.

அந்த அட்டையின் கதையையும் விசாரித்தேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது தாராவி மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி வரைக்கும்தான். ஆனால் வாசிக்கிற பழக்கம் விடவில்லை. நைஜீரியாவில் இமேசி என்ற கிராமத்தில் வேலை செய்த டேவிட் மோர்லி என்ற டாக்டர்தான் இப்படி ஓர் அட்டையைப் பரப்பியவர். அவர் செய்த முக்கியமான காரியம் அட்டையை ஆஸ்பத்திரி அலமாரியில் வைக்காமல் தாயின் கையில் கொடுத்தது. கோடு ஏறினால் நல்லது, படுத்தால் கவனி, இறங்கினால் ஓடு என்று எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் விளங்க வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. நீங்கள் எல்லாவற்றையும் போனுக்குள் கொண்டுபோன பிறகு, அந்தக் கோடு திரும்பவும் அலமாரிக்குள் போய்விட்டது. இந்தத் தடவை அலமாரி டில்லியில் இருக்கிறது.

என் அக்கா ஊரிலேயே இருந்துவிட்டவள். 1980களில் மதுரை மாவட்டத்தில் தொடங்கித் தென்மாவட்டங்களில் நடந்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் அவள் பிள்ளைகளை எடை போட்டார்கள். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரைக்கும் மாதாமாதம் எடை. எல்லாருக்கும் உணவு கிடையாது. எடை ஏறாத பிள்ளைக்குத் தொண்ணூறு நாள் கூடுதல் உணவு, ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். எந்தப் பிள்ளைக்குக் கோடு படுத்திருக்கிறது என்பது தாய்க்குத் தெரியும், ஏனென்றால் அவள் பிள்ளைக்கு மட்டும் உருண்டை வரும். "என் பிள்ளைக்கு உருண்டை நின்னுபோச்சு" என்று அக்கா சந்தோஷமாகச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு சாப்பாட்டுப் பொருள் நின்றுபோனதற்கு யாராவது சந்தோஷப்படுவார்களா? அவள் பட்டாள்.

ஊர்ப் பெருமை பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலும் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் 14.6 பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாமல்தான் இருந்தார்கள். ஆனால் மகாராஷ்டிராவில் அந்த எண் 25.6. நாலில் ஒன்று. எங்கள் சந்தில் தெருக்குழாயடியில் விளையாடுகிற பிள்ளைகளை எண்ணினால் இருபதுக்குக் குறையாது. அதில் ஐந்து பேர் யார் என்று நான் தினமும் யோசிக்கிறேன்.

இந்த மகாராஷ்டிராவில்தான் அங்கன்வாடி என்ற பேரே பிறந்தது என்பதால் இன்னும் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். 1945-ல் போர்டி கடற்கரை ஊரில் தாராபாய் மோடக் அம்மா பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வராததைப் பார்த்து, அவரும் அனுதாய் வாக்கும் பள்ளியையே அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கன் என்றால் முற்றம். தாராவியில் முற்றம் ஏது என்று கேட்காதீர்கள். அந்த அம்மா செய்தது பிள்ளை இருக்கிற இடத்துக்குத் தான் போனது, அதைத்தான் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் இன்னும் அங்கன்வாடி என்று சொல்வதில்லை, பால்வாடி என்றுதான் சொல்லுகிறோம். பாலகனுக்கான வாடி என்பது அர்த்தம். தமிழ்க் காதுக்கு அது பால் கொடுக்கிற இடம் என்றுதான் விழும். சின்ன வயதில் நானும் பால் கிடைக்கும் என்று நம்பிப் போனேன். கிச்சடி கிடைத்தது.

1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாட்டில் முப்பத்து மூன்று வட்டாரங்களில் இந்தத் திட்டம் தொடங்கியபோது ஆறு சேவைகள் என்று வகுத்தார்கள். உணவு, ஆரம்பக் கல்வி, சத்துணவு பற்றித் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுப்பது, தடுப்பூசி, உடல் பரிசோதனை, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. மூன்றாவதாக நிற்கிற அந்தச் சொல்லிக்கொடுப்பது எங்கே போனது? மற்ற ஐந்துக்கும் பதிவேடு இருக்கிறது, பில் இருக்கிறது. ஒரு தாயிடம் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் பேசியதற்குப் போனில் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

இரும்புச்சத்து மருந்து ஓர் உதாரணம். வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு மில்லி என்று பாட்டில் கொடுக்கிறீர்கள். நல்ல காரியம். குடித்தால் மலம் கருப்பாகப் போகும் என்பதைச் சொல்லவில்லை. மருமகள் மூன்றாவது வேளையே பயந்துபோய், பாட்டிலை ஸ்லாப்பில் ஏற்றிவிட்டாள். ஒரே வாக்கியம். அதைச் சொல்லாததால் ஒரு பாட்டில் மருந்து ஸ்லாப்பில் காலாவதியானது. எங்கள் சந்தில் இப்படி எத்தனை ஸ்லாப்பில் எத்தனை பாட்டில் இருக்கிறது என்று போய்ப் பார்க்கலாம்.

உணவைப் பற்றி அதிகம் எழுதவில்லை. எழுதினால் அதற்கே தனிக் கடிதம் வேண்டும். பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு எட்டு ரூபாய், கடுமையாக மெலிந்த பிள்ளைக்குப் பன்னிரண்டு ரூபாய் என்று 2017-ல் நிர்ணயித்தார்கள். அந்த எட்டு ரூபாயில் ஐந்நூறு கலோரியும் பன்னிரண்டிலிருந்து பதினைந்து கிராம் புரதமும் வர வேண்டும் என்பது அப்போதைய கணக்கு. மும்பையில் ஒரு முட்டை வாங்கினாலே அந்த எட்டு ரூபாய் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். நான் வியாபாரம் செய்கிறவள், இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். பழங்குடிப் பகுதிகளில் அமிர்த ஆகாரத் திட்டத்தில் பிள்ளைகளுக்கு வாரம் நாலு முட்டை கொடுக்கிறது இதே அரசு. மெலிந்த பிள்ளை காட்டில் இருந்தால் முட்டை, குடிசையில் இருந்தால் கிச்சடியா? இதைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

டீச்சர்கள் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒன்றிய அரசு அவர்களுக்குக் கொடுக்கும் மதிப்பூதியம் 2018 அக்டோபரிலிருந்து 4,500 ரூபாய். உதவியாளருக்கு 2,250. மாநிலம் தன் பங்கைச் சேர்க்கிறது, சரி. ஆனாலும் 2023 டிசம்பரில் இந்த மாநிலத்தில் அவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, அது ஐம்பது நாள் அளவுக்கு நீண்டது. இப்போது வீட்டுக்குக் கொடுக்கிற பாக்கெட்டை வாங்கவும் முகத்தைப் போனில் காட்ட வேண்டும் என்று ஆகியிருக்கிறது. எங்கள் சந்தில் பகலிலேயே வெளிச்சம் கிடையாது. தாயைப் படியில் ஏற்றி, முக்காட்டை விலக்கச் சொல்லி, கண் சிமிட்டச் சொல்லி, நெட் வரும் வரை காத்திருந்து ஒரு டீச்சர் படுகிற பாட்டை நான் பார்த்திருக்கிறேன். தாயின் முகத்தைப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகிறது. அந்த முகத்தோடு பேச நேரம் இல்லை.

உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், ஒரு கூட்டத்தில் என்னிடம் நேரிலேயே சொன்னார்: "குபோஷித் (சத்துக்குறைவான பிள்ளை) என்று சொன்னால் தாய்மார் சண்டைக்கு வருகிறார்கள், மறுமாதம் பிள்ளையைக் கொண்டுவருவதே இல்லை." உண்மைதான். எங்கள் ஆட்களிடம் இன்னொரு வியாதியும் உண்டு. பிள்ளையின் எடையை வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்று நினைப்பார்கள். என் சம்பந்தியம்மா இன்றைக்கும் பேரனின் எடையைக் கேட்டால் அரைக் கிலோ குறைத்துத்தான் சொல்லுவார். அதனால் ஊர் நடுவில் நின்று கூவச் சொல்லவில்லை. குபோஷித் என்பது குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கிறது. "போன மாசம் இவ்வளவு இருந்தான், இந்த மாசமும் அதே இருக்கான், ஏறலை" என்று சொல்லிப் பாருங்கள். எந்தத் தாய் சண்டைக்கு வருகிறாள் பார்ப்போம். அவள் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான்: இப்போ என்ன கொடுக்கட்டும்? அதற்குப் பதில் அங்கே தயாராக இருக்க வேண்டும். அதுவும் அவள் அடுப்பில் இருக்கிற பொருளில். எங்களுக்கு இட்லியில் நல்லெண்ணெய், பருப்பில் ஒரு முட்டை, வேர்க்கடலைத் துவையல். பக்கத்து வீட்டு உத்தரப் பிரதேசத்து அக்காவுக்கு அவள் சமையலில் எது உண்டோ அது.

2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆறாவது பிரிவு, சத்துக்குறைவான பிள்ளைகளை அங்கன்வாடி மூலம் அடையாளம் கண்டு இலவச உணவு கொடுக்க வேண்டும் என்கிறது. அடையாளம் காண்பது என்றால் யாருக்கு அடையாளம்? சர்வருக்கா?

நான் கேட்பது இதுதான். எடை போட்டதும் அந்த எண்ணையும் போன மாத எண்ணையும் தாயிடம் சொல்லுங்கள். அட்டையில் புள்ளி வைத்து அவள் கையிலேயே கொடுங்கள். போன் தன் கணக்கை வைத்துக்கொள்ளட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. பாஷை தெரியவில்லை என்றால் அதற்காகப் புதிதாக ஆளே வேண்டாம். தாராவியில் எந்தச் சந்திலும் மராத்தியும் தமிழும் தெரிந்த, உருதுவும் தெலுங்கும் தெரிந்த பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். காலேஜ் போகிற எங்கள் பெண்களில் இரண்டு பேர் எடை நாளன்று ஒரு மணி நேரம் வந்து உட்காரத் தயார், நான் கேட்டுவிட்டேன். இரண்டு மாதம் எடை ஏறாத பிள்ளையின் வீட்டுக்கு, போன் சாம் என்று சொல்லும்வரை காத்திருக்காமல் யாராவது வர வேண்டும். மாநகராட்சித் தொண்டர் வந்தாலும் சரி, அங்கன்வாடி டீச்சர் வந்தாலும் சரி. எடை ஒரு துறை, மருந்து இன்னொரு துறை என்பது உங்கள் கணக்கு. எங்களுக்கு இரண்டு பேரும் சர்க்கார்தான்.

அப்புறம், அந்த மூன்று வண்ண நாடா. அதை ஒவ்வொரு தாய்க்கும் ஒன்று கொடுத்துவிடுங்கள். நைஜர் போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் தாய்மாரே பிள்ளையின் கையை அளந்து, சிவப்புக் காட்டினால் தாங்களாகவே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அங்கே எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் செய்வதைத் தாராவித் தாய் செய்ய மாட்டாளா? ஜாக்கெட்டுக்கு அளவெடுத்து அரை இஞ்சு பிசகாமல் தைக்கிற பெண்கள் இருக்கிற ஊர் இது.

இன்னொன்று மனதில் உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச்சில் தொடங்கி தாராவி மறுசீரமைப்புக்காக வீடு வீடாக வந்து அளந்தார்கள். கதவில் ஒரு எண் எழுதிவிட்டுப் போனார்கள். அந்த எண் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மருமகள் சொல்லுவாள். வீடு கிடைக்குமா போகுமா என்பது அந்த எண்ணில் இருக்கிறது என்று யாரோ அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருக்கிறார்கள் அல்லவா, அதனால்தான்.

பேரனைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் வாசிக்கிறவர்கள் திட்டுவார்கள். அந்தப் பசையை ஒன்பது வாரம் சாப்பிட்டான். முதல் வாரத்தில் நூற்றைம்பது கிராம் ஏறியபோது என் மகன் தராசையே சந்தேகப்பட்டு, மாவுத் தராசில் ஒரு தடவை உட்காரவைத்துப் பார்த்தான். இப்போது இரண்டரை வயது, 11.6 கிலோ. கிரைண்டருக்குள் கையை விடப் பார்க்கிறான். அவனுக்குப் பிறகு பிறந்தவள் 2.9 கிலோ. பீரோக் கதவின் உள்பக்கத்தில் மருமகள் இரண்டு பேருக்கும் ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு பத்தி போட்டு, மாதாமாதம் தானே எழுதுகிறாள். டீச்சர் எண்ணைச் சொல்லாமல் போனில் தட்டினால், "கித்னா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் கையை எடுக்கிறாள். போன மாதம் சின்னவளுக்கு வெறும் தொண்ணூறு கிராம்தான் ஏறியிருக்கிறது. சளி இருந்தது. இந்த மாதம் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு எடை நாள் வருகிற வெள்ளிக்கிழமை. உங்களில் ஒருவராவது வந்து, ஓரமாக உட்கார்ந்து, எத்தனை தாய்மார் எண்ணைத் தெரிந்துகொண்டு வெளியே போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கும். வண்டி தொண்ணூறடி ரோட்டோடு நின்றுவிடும், அங்கிருந்து நடந்துதான் வர வேண்டும். வழி தெரியாவிட்டால் மாவுக்கடை ஆச்சி வீடு எது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
மாவுக்கடை ஆச்சி,
தாராவி, மும்பை